உதிராத இலைக்கு ஓர் ஒப்பாரி

சுவிஸ் ஜிம்னாசியப் பள்ளியில் ஆங்கிலம் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலக் கவி கீட்ஸின் இலையுதிர்காலக் கவிதை எதற்கு என்று சீறியிருக்கிறார் நண்பர். அவர் அடுக்கும் காரணங்கள் மூன்று. அது உதிரும் இலைக்காக அழும் நோயாளியின் புலம்பல். அந்தப் பருவம் நமக்கு அந்நியம். பரீட்சைக்குப் பொழிப்பே போதும். நண்பர் எல்லாம் படித்திருக்கிறார், கவிதையைத் தவிர.

முதலில் இலை. பதினொரு வரி வீதம் மூன்று பத்திகள், ஆக 33 வரிகள். அதில் ஓர் இலைகூட உதிரவில்லை. ஆப்பிள் பழுக்கிறது, தேனடை நிரம்புகிறது, பாதி அறுத்த வயலில் பருவமே படுத்து உறங்குகிறது, பழச்சாறு சொட்டுச் சொட்டாய் வடிகிறது, கடைசியில் தகைவிலான்கள் கூடுகின்றன. 'இலையுதிர்காலம்' என்ற நம் சொல்லைக் கண்டதுமே நண்பர் துடைப்பத்தை எடுத்துவிட்டார். இதே பருவத்துக்கு இங்கே நாளும் காதில் விழும் 'ஹெர்ப்ஸ்ட்' என்ற ஜெர்மன் சொல்லுக்கு வேர்ப்பொருள் அறுவடை. அதையாவது கவனித்திருக்கலாம்.

அடுத்து நோயாளி. கவிதை பிறந்தது 1819 செப்டம்பர் 19, வின்செஸ்டரில். கீட்ஸ் இரத்தம் கக்கித் தன் காசநோயை அறிந்தது 1820 பெப்ரவரியில். கவிதையை எழுதியபோது, தம்பி டாமை அதே நோய்க்குப் பறிகொடுத்து ஒன்பது மாதமே ஆகியிருந்தது. அப்படியிருந்தும் கவிதையில் 'நான்' என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. புலம்பலாம்!

இனி, அந்நியம். யாருக்கு? நவம்பர் வந்தால் சூரிச் பக்கத்துச் சிறுபிள்ளைகள் 'ரேபே' என்ற கிழங்கைக் கரண்டியால் குடைகிறார்கள். ஊதாத் தோலில் நட்சத்திரமும் நிலவும் கீறி, உள்ளே விளக்கேற்றி, இருட்டில் பாடிக்கொண்டு ஊர்வலம் போகிறார்கள். நம் பிள்ளைகளும் அந்த வரிசையில்தான் நடக்கிறார்கள். வீடு திரும்பினாலும் விரலில் கிழங்கின் கார நெடி போவதில்லை. ரயில் நிலைய வாசலில் 'மரோனி' என்ற சுட்ட கஷ்கொட்டை வாங்கி, கை சுடச்சுட உரிக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். இந்தப் பருவம் அந்நியம் என்றால் உங்களுக்கும் எனக்கும்தான், நண்பரே. இங்கே பிறந்த பிள்ளைக்கு அல்ல.

அந்நியமானதைப் படிக்கக் கூடாது என்றால், நாம் யாழ்ப்பாணத்தில் படித்தது என்ன? மலையே இல்லாத குடாநாட்டில் குறிஞ்சித் திணையை உருப்போட்டோம். நெடுநல்வாடையில் குளிருக்குத் தீக்காயும் ஆயரைப் புழுங்கும் வகுப்பறையில் வியர்க்க வியர்க்கப் படித்தோம். காணாத மலையைக் கண்முன் நிறுத்தியது பாட்டுத்தான். அப்போது உங்களுக்கு வராத அந்நியம் இப்போது எங்கிருந்து வந்தது?

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அணி எது, உருவகம் எது என்று கூறுபோட்டே கவிதையைக் கொல்லும் வகுப்புகள் உண்டு. அதற்கு மருந்து பொழிப்பா? பொழிப்பில் பழம் பழுக்கும் செய்தி கிடைக்கும். பழத்தின் கனத்தில் கிளை தாழ்வதுபோல் வாக்கியமும் நீண்டு தாழ்வது கிடைக்காது. முதல் பத்தி முழுவதும் ஒரே வாக்கியம். அதை வாய்விட்டுப் படிக்கவைக்கும் ஆசிரியரைக் கேளுங்கள். கவிதையை எடுக்கச் சொல்லாதீர்கள்.

மொத்தம் 33 வரிகள்தான். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசலில் மகளுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் படித்துவிடலாம். புரியாத இடத்தை, வெளியே வந்ததும் அவளிடமே கேளுங்கள்.