பிறந்த வீட்டு முத்திரை

கால் நூற்றாண்டு ஓடிக் களைத்த ஒரு ஸ்போர்ட்ஸ் காரை, அதைத் தயாரித்த கம்பெனியே வாங்கிப் புதுசாக்கி, வாரன்டியோடு ஷோரூமில் நிறுத்தி விற்றால் வாங்குவீர்களா? கையில் பணம் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவேன் என்பீர்கள். பெற்றவளுக்குத் தெரியாதா பிள்ளையின் உடம்பு! எனக்கு அதில் ஒரு தகராறு இருக்கிறது.

1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் நிஸான் கம்பெனி இதைத்தான் செய்தது. வண்டியின் பெயர் டாட்ஸன் 240 இசட். நீண்ட மூக்கு, இரண்டே சீட், ஆறு சிலிண்டர், 2.4 லிட்டர் இன்ஜின். 1970-ல் அங்கே விற்பனைக்கு வந்தபோது விலை சுமார் 3,500 டாலர். ஐரோப்பியக் கார்களை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்த குமாஸ்தாவும் வாத்தியாரும் எட்டிப் பிடிக்கக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார். இப்படி ஒன்று வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றவர் அமெரிக்க நிஸானின் தலைவராக இருந்த யுடாகா கடயாமா. ஜப்பானில் மேலிடம் இதற்கு ‘ஃபேர்லேடி’ என்று பெயர் வைத்திருந்தது. அந்தப் பெயரில் அமெரிக்காவில் ஒரு வண்டிகூட விற்காது என்று வந்திறங்கிய கார்களின் பெயர்ப் பட்டையைக் கழற்றி 240 இசட் என்று ஒட்டினார் என்பார்கள். ஜெயித்துக் காட்டிய மனிதரை 1977-ல் ஊருக்குத் திருப்பி அழைத்து ஓரங்கட்டியது கம்பெனி. நம்ம ஊர் ஆபீஸ்களில் பார்க்காததா!

அழகான வண்டிக்கு ஒரே ஒரு சாபம், துரு. தரைத் தகடு, பேட்டரி வைக்கும் தட்டு, சக்கரத்துக்கு மேல் வளைவு என்று சத்தமில்லாமல் தின்றுவிடும். அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களில் பனியை உருக்கச் சாலையில் உப்பு கொட்டுவார்கள். கேட்க வேண்டுமா? மேலே பளபளவென்று பெயிண்ட், கீழே காலை வைத்தால் ரோடு தெரியும். இருபது, இருபத்தைந்து வருஷத்தில் பெரும்பாலான வண்டிகள் காயலான் கடைக்குப் போய்விட்டன.

மிச்சம் இருந்தவற்றைக் காப்பாற்றியது யார்? சனிக்கிழமை முழுக்க வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்த சொந்தக்காரர்கள். பழைய வண்டிகளைப் பிரித்து உதிரிபாகம் சேர்த்த கிளப்காரர்கள். அப்புறம், இந்த வண்டியைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை என்று கடை போட்டு உட்கார்ந்த சின்னச் சின்னப் பட்டறைகள்.

1996-ல் அமெரிக்காவில் இசட் கார் விற்பனையையே நிஸான் நிறுத்திவிட்டது. புது வண்டி கையில் இல்லை. ஆனால் பெயர் ஜனங்களுக்கு மறந்துவிடக் கூடாது. என்ன செய்யலாம்? பழைய 240 இசட்டுகளைத் தேடி வாங்கி, அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி, டிங்கரிங், பெயிண்ட், இன்ஜின் எல்லாம் பார்த்து, தேர்ந்தெடுத்த டீலர்களிடம் சுமார் 25,000 டாலருக்கு விற்றது. கூடவே ஒரு வருஷ வாரன்டி.

‘கம்பெனியே புதுப்பித்தது’ என்றதும் என்ன நினைத்தீர்கள்? ஜப்பான் தொழிற்சாலையில் வெள்ளை கோட் போட்ட இன்ஜினீயர்கள் என்றுதானே? வேலை நடந்தது கலிஃபோர்னியாவில், மேலே சொன்ன அதே பட்டறைகளில்! துரு எங்கே ஒளிந்திருக்கும், எந்தத் தகட்டை வெட்டி எதை வைத்துப் பற்றவைக்க வேண்டும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். கம்பெனி கொடுத்தது பணமும் முத்திரையும். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

வாங்கினவர்கள் ஏமாந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த விலைக்கு நல்ல சரக்குதான். சுமார் நாற்பது வண்டி வெளியே வருவதற்குள் திட்டத்தை மூடிவிட்டார்கள் என்பதால், இன்று அதில் ஒன்றை வைத்திருப்பவர் அதிர்ஷ்டசாலிதான். அவருடைய சந்தோஷத்தில் மண்ணைப் போட எனக்கு உத்தேசமில்லை. என் சண்டை முத்திரையோடு.

ஏனென்றால் அப்போது விளம்பரமாக இருந்த இந்த வேலை இப்போது பெரிய வியாபாரமாகிவிட்டது. 2006-ல் ஃபெராரி இதற்கென்றே ‘கிளாசிகே’ என்று தனிப் பிரிவு ஆரம்பித்தது. இருபது வருஷம் தாண்டிய உங்கள் ஃபெராரி அசல்தானா என்று சேஸிஸ், இன்ஜின், கியர்பாக்ஸ் எல்லாம் பழைய பதிவேட்டோடு ஒத்துப் பார்த்துச் சான்றிதழ் தருவார்கள். அது இருந்தால் ஏலத்தில் தனி மவுசு. வண்டி உங்களுடையது, அது நிஜமா என்று சொல்லும் உரிமை அவர்களுடையது. 2017-ல் ஜாகுவார், தானே தேடிப் பிடித்த 1960களின் ஈ-டைப் கார்களை ‘ரீபார்ன்’ என்ற பெயரில் புதுப்பித்து விற்க முன்வந்தது. ஆரம்ப விலை 2,85,000 பவுண்டு. மறுபிறவி என்று பெயர் வைத்தார்களே, அரை நூற்றாண்டாக அதை உயிரோடு வைத்திருந்தவர் எந்தப் பிறவியில் சேர்த்தி?

இங்கேதான் உங்களுக்கும் எனக்கும் சம்பந்தம் வருகிறது. நாலு வருஷ வாஷிங் மெஷினைத் தூக்கிக்கொண்டு போனால் சர்வீஸ் சென்டர்க்காரர் என்ன சொல்கிறார்? “மாடல் நிறுத்திட்டாங்க சார், போர்டு வராது. எக்ஸ்சேஞ்ச்ல புதுசு எடுத்துக்குங்க.” அம்பது வருஷ காருக்கு ஒரு தயாரிப்பாளரால் போல்ட், நட்டு முதல் தேடிக் கொடுக்க முடிகிறது என்றால், ‘வராது’ என்பதில் பாதி பொய். கட்டுப்படியாகாது, அதனால் தரமாட்டோம் என்பதுதான் நிஜம். 2022 டிசம்பரில் மத்திய அரசின் நுகர்வோர் துறை ‘பழுதுபார்க்கும் உரிமை’ என்று ஒரு இணையதளம் தொடங்கியது. வண்டிகளும் அதில் சேர்த்திதான். நல்ல காரியம். ஆனால் தகவலை மட்டும் வைத்துக்கொண்டு போர்டை மாற்ற முடியுமா?

வியாபாரி லாபம் பார்க்காமல் தர்ம சத்திரமா நடத்துவான் என்று கேட்பீர்கள். நடத்த வேண்டாம். மாஸ்டா என்ன செய்தது என்று மட்டும் பாருங்கள். 1989-ல் வந்த ரோட்ஸ்டர் என்ற குட்டி ஸ்போர்ட்ஸ் காருக்கு 2017 கடைசியில் ஜப்பானில் புதுப்பிக்கும் சேவை தொடங்கினார்கள். என்ன வேண்டும் என்று முதலில் வண்டி வைத்திருப்பவர்களைக் கேட்டார்கள். யாரோ ஒருவருடைய வண்டியை வாங்கிப் பணக்காரருக்கு விற்கவில்லை. உங்கள் வண்டியை நீங்கள் கொண்டுபோய் விடலாம், அதே வண்டி உங்களுக்கே திரும்பி வரும். சும்மா இல்லை, நல்ல செலவுதான். அதோடு மேல்மூடித் துணி, மர ஸ்டீயரிங், கியர் குமிழ் என்று நின்றுபோன பாகங்களை மறுபடி தயாரித்தார்கள். அந்தக் கால மாதிரியிலேயே டயர்கூட பிரிட்ஜ்ஸ்டோன் போட்டுக் கொடுத்தது. இவை தனியாகவும் விற்பனைக்கு உண்டு. மாஸ்டா பட்டறைக்குப் போக வசதியில்லாதவர் பாகத்தை மட்டும் வாங்கி, தன் தெரு மெக்கானிக்கிடம் மாட்டிக்கொள்ளலாம். அதே சமயத்தில் நிஸானும் ஆர்32 ஸ்கைலைன் ஜிடி-ஆர் காருக்குப் பழைய பாகங்களை மறுபடி விற்க ஆரம்பித்தது. இருபது வருஷம் கழித்தாவது புத்தி வந்ததே!

ஆக, வழி தெரியாமல் இல்லை. ஒரு கம்பெனி பத்துப் பேருக்கு முத்திரை குத்தப் போகிறதா, பத்தாயிரம் பேருக்கு கேஸ்கெட் தரப் போகிறதா என்பதுதான் கேள்வி. முதலாவதைச் செய்துவிட்டு ‘பாரம்பரியம்’ என்று மார்தட்டும்போதுதான் பற்றிக்கொண்டு வருகிறது.

உங்கள் வெளிநாட்டு மாப்பிள்ளையோ மச்சானோ அப்படி ஒரு வண்டி வாங்கப் போவதாகச் சொன்னால், சான்றிதழைப் பார்த்து மயங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். வேலை நடந்தபோது எடுத்த போட்டோக்களைக் கேட்கட்டும். எந்தத் தகடு அசல், எது புதுசு, பழைய இன்ஜின் இருக்கிறதா என்று எழுதி வாங்கட்டும். முக்கியமாக, ஸ்பேனர் பிடித்த ஆள் யார், எந்தப் பட்டறை என்று விசாரிக்கட்டும். வாரன்டி முடிந்த மறுநாள் கார்புரேட்டர் மக்கர் பண்ணினால் போனை எடுக்கப் போகிறவர் அவர் ஒருத்தர்தான்.