பூனைக்கு எதற்கு எதிர்ப்பு சக்தி?

2020க்குப் பிறகு தமிழில் தேய்ந்தே போன சொல் எது என்று கேட்டால் ‘எதிர்ப்பு சக்தி’ என்பேன். கபசுரக் குடிநீரோடு வீட்டுக்குள் வந்தது. மனிதர்களை ஒரு வழி பண்ணிவிட்டு இப்போது பூனைகளிடம் வந்திருக்கிறது.

காயல்பட்டினத்தில் பூனை இல்லாத முடுக்கு கிடையாது. பூனைக்குட்டியின் தந்தை என்று பெயர் பெற்ற அபூஹுரைராவைச் சொல்லி, பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினி போட்ட பெண்ணின் கதியைச் சொல்லிப் பிள்ளை வளர்க்கிற ஊர் இது. பிரியத்துக்குக் குறைவில்லை. என் சண்டையே அந்தப் பிரியத்தோடுதான். பூனை சாப்பிடாமல் சுருண்டு படுத்தால் போதும், பக்கத்து வீட்டிலிருந்து வைத்தியம் வந்துவிடும். “லாத்தா, கருஞ்சீரகத்த அரைச்சு தேன்ல குழைச்சுக் குடுங்க, எதிர்ப்பு சக்தி வந்துடும்.” “ரெண்டு பல்லு பூண்டு நசுக்கிப் போடுங்க.” பூண்டு பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும். காய்ச்சலுக்கென்று கொடுக்கிற பாரசிட்டமால் ஒரே மாத்திரை போதும், பூனை செத்துப்போகும். கிறங்கிக் கிடக்கிற பூனையின் வாயில் வலுக்கட்டாயமாக ஊற்றும் சிரப் நுரையீரலுக்குப் போகலாம்.

சரி, விஷமில்லாத டானிக்காகவே இருக்கட்டும். எஃப்.ஐ.பி. என்ற நோயைப் பாருங்கள். பூனைகளிடையே சாதாரணமாகத் திரியும் ஒரு கொரோனா வைரஸ், சில பூனைகளின் உடம்புக்குள் உருமாறி, நோயைத் தின்ன வேண்டிய வெள்ளணுக்களிலேயே குடியேறிக்கொள்கிறது. அதை அடிக்கப்போய் உடல் தன் ரத்தக்குழாய்களையே புண்ணாக்குகிறது. வயிற்றில் நீர் கோக்கிறது; வயிறு மட்டும் உப்பி முதுகெலும்பு துருத்துகிறது. அதாவது, இங்கே நோயின் பாதி அந்த எதிர்ப்பு சக்தியேதான். அதை அடக்கி வைக்கத்தான் மருத்துவர்கள் பல வருஷம் ஸ்டீராய்டு கொடுத்தார்கள். நாம் அதற்குத் தேன் குழைத்து ஊட்டுகிறோம்! எதிர்ப்பாற்றலைத் தூண்டும் இன்டர்ஃபெரானையும் முறையாகச் சோதித்துவிட்டார்கள். 2007இல் வெளியான ஆய்வு, 37 பூனைகள். ஊசி போட்டவை போடாதவற்றைவிடக் கூடுதல் நாள் வாழவில்லை.

வேலை செய்தது வைரஸை நேராக அடிக்கும் மருந்து. ஜிஎஸ்-441524. கலிஃபோர்னியாவில் நீல்ஸ் பெடர்சன் குழு 31 பூனைகளுக்குக் கொடுத்துப் பார்த்து 2019இல் எழுதியது. 25 பூனைகள் பிழைத்திருந்தன. அதுவரை எஃப்.ஐ.பி. என்றால் அநேகமாக மரணம்தான். ஆனால் மருந்துக்கு உரிமையுள்ள கிலியட் நிறுவனம் அதைக் கால்நடை மருந்தாக்க உரிமம் தரவில்லை. அவர்களுக்கு அதன் உடன்பிறப்பை மனித மருந்தாக்க வேண்டியிருந்தது. அந்த உடன்பிறப்பின் பெயர் ரெம்டெசிவிர். ஆமாம், 2021 ஏப்ரலில் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் ஜனங்கள் இரவுபகலாக வரிசையில் நின்றார்களே, அதேதான். உடம்புக்குள் போனதும் அது பெருமளவு இந்த ஜிஎஸ்ஸாகத்தான் மாறுகிறது. பூனை வளர்ப்பவர்கள் வருஷக்கணக்கில் சீனக் கள்ளச்சந்தையில் லேபிள் இல்லாத குப்பிகளை வாங்கி வீட்டிலேயே ஊசி போட்டார்கள். அமெரிக்காவில் மருத்துவர் சீட்டோடு முறையாகக் கிடைக்க 2024 ஆகிவிட்டது. சைப்ரஸில் நோய் பரவியபோது, 2023 ஆகஸ்டில், மனிதர்களுக்கென வைத்திருந்த கோவிட் மாத்திரைகளையே அரசு பூனைகளுக்குத் திறந்துவிட்டது. யாரும் அங்கே கஷாயம் காய்ச்சவில்லை.

“ஒரு பூனைக்கு இவ்வளவா?” என்பார்கள். நியாயமான கேள்விதான். 84 நாள், தினமும் மருந்து. கூலிவேலைக் குடும்பத்துக்கு அது கட்டாது. கட்டாது என்றால் கட்டாது என்று சொல்லலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வலி குறைக்க வழி கேட்கலாம். ஆனால் இருநூறு ரூபாய் சிரப்பை ஊட்டிவிட்டு ‘வைத்தியம் பார்த்தோம்’ என்று சொல்லிக்கொள்வது நம் மனசுக்குத்தான் மருந்து. பூனைக்கு அது கடைசி நாட்களில் தினமும் மூன்று வேளை வாயைப் பிளக்கிற கை.

இராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. திருச்செந்தூரிலிருந்து வருகிற நெல்லை ரயில் நம்மூரில் நிற்கும். மூடிய கூடை ஒன்று, கீழே பழைய சாரம் ஒன்று. வயிறு உப்பத் தொடங்கிய அன்றைக்கே கிளம்புங்கள்.