கைப்பிள்ளையோட சைக்கிள்: ராத்திரிக்கு எங்கே தங்குறது?

"ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் மிதிச்சீங்க?" சைக்கிளில் ஊர் சுத்திட்டு வந்த எங்ககிட்ட எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி இதுதான். எங்களுக்கு அது ரெண்டாவது கேள்வி. ஒண்ணேகால் வயசுப் பிள்ளையை முன்சீட்டில் வைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு, ராத்திரி எங்கே படுக்கிறோம் என்று முடிவான பிறகுதான் தூரக் கணக்கு.

பண்டாரவளையிலிருந்து பதுளை. அங்கிருந்து பசறை, லுணுகலை, பிபிலை என்று செங்கலடிப் பக்கம் இறங்கும் ஏ5 பாதை. ஒடுக்கம், வளைவுக்கு மேல் வளைவு. 2021 மார்ச் 20ஆம் திகதி லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் போன பஸ், பசறை 13ஆம் கட்டையில் பள்ளத்தில் விழுந்ததை ஊவாவில் யாரும் மறக்கவில்லை. அது நடந்தது காலை வெளிச்சத்தில். பொழுது சாய்ந்த பிறகு பிள்ளையோடு அந்தப் பாதையில் மிதிக்கிற பேச்சே இல்லை. மூணு மணிக்கு அறைக்குள்ள இருக்கணும்.

அறை எப்படி இருக்கணும்? படத்தில் போடுகிற வியூ பிள்ளைக்கு எதுக்கு? நாங்க போன் போட்டுக் கேட்பது வேற: அறை கீழ்த்தட்டிலயா? மெத்தையைத் தூக்கித் தரையில் போடலாமா? நுளம்பு வலை இருக்கா? நடுச்சாமத்தில் சுடுதண்ணி கிடைக்குமா, இல்லாட்டி கேத்தல் தருவீங்களா? கழுவின துணியைக் கூரைக்குக் கீழே காயப்போட இடம் இருக்கா? (பம்பர்ஸ் விக்கிற விலைக்கு எங்களுக்குத் துணிதான் கட்டுப்படியாகும்.) மழைக் காலம் என்றால், வீட்டுக்குப் பின்னால் வெட்டின மண்மேடு இருக்கா என்றும் கேட்போம். 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையைப் பறிகொடுத்த மாவட்டம் இது. கேட்கக் கூச்சப்படத் தேவையில்லை.

எல்லாத்தையும் விட, அந்த வீட்டில் வயசான அம்மா யாராவது இருந்தால் பாதிக் கவலை போச்சு.

லுணுகலைப் பக்கம் ஓரிடத்தில் 'ஃபெமிலி ரூம்' என்று போனில் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் மேல்மாடி. பால்கனிக் கம்பி இடைவெளியில் பிள்ளையின் தலை தாராளமாய்ப் போகும். கீழே குடிகாரச் சத்தம். கட்டின காசு போனா போகுதுன்னு திரும்பிட்டோம். அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது பக்கத்துத் தோட்டத்தில் இருந்த ஒரு அக்கா. பல வருஷம் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்தவர். பழைய சேலையைக் கூரை மரத்தில் கட்டித் தொட்டில் போட்டார். பிள்ளை விடியும்வரை அசையவில்லை. காசு நீட்டினோம், வாங்கவில்லை.

"ஒரு போர்டு மாட்டி காம்பராவ வாடகைக்கு விடலாமே அக்கா?"

"வீடே என் பேர்ல இல்லையே தங்கச்சி."

எங்கள் கோபம் இங்கேதான். எல்லவில் திரும்பின பக்கமெல்லாம் ஹோம்ஸ்டே. தோட்டங்களின் நிர்வாகம் 1992இல் கம்பெனிகளின் கைக்குப் போனது. லயம் மட்டும் அதில் பிறந்து வளர்ந்தவர்களின் கைக்கு வரவில்லை. பதிவுக்குப் போனாலும் வங்கிக்குப் போனாலும் முதலில் கேட்பது உறுதியைத்தான். ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் மடியில் போட்டு வளர்த்த ஒருத்தரால் ஒரு அறையைத் திறக்க முடியவில்லை. பால்கனிக் கம்பியில் கணக்குத் தப்பின ஆளுக்கு முடிகிறது.

காலையில் புறப்படும்போது அக்கா எங்கள் சுடுதண்ணிப் போத்தலை நிரப்பி, பிபிலையில் இருக்கிற சொந்தக்காரப் பிள்ளை ஒருத்தியின் நம்பரையும் எழுதிக் கொடுத்தார். அங்கே ஒரு அறை வாடகைக்கு விடுறாங்களாம். அவங்க வீட்டுக்கு உறுதி இருக்காம்.