சீகை மரத்தை வெட்டினால் மட்டும் போதுமா?

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் போனவர்கள் ரோட்டோரம் வெளிர்மஞ்சள் பூப்பந்துகளோடு நிற்கும் மரங்களைப் பார்த்திருப்பார்கள். செல்ஃபியும் எடுத்திருப்பார்கள். ஆங்கிலத்தில் வாட்டில், உள்ளூரில் சீகை மரம். தலைக்குத் தேய்க்கிற சீகைக்காய் வேறு. அது கொடி, இது மரம்.

பூர்வீகம் ஆஸ்திரேலியா. அந்நாட்டு கிரிக்கெட் ஜெர்ஸியின் பச்சை-தங்க நிறம் இருக்கிறதே, அதுவே இதன் உறவுக்கார மரமான கோல்டன் வாட்டிலின் நிறம்தான். 19-ம் நூற்றாண்டில் பிரிட்டிஷ்காரர்கள் இதை நீலகிரிக்குக் கொண்டு வந்தார்கள். காரணம், விறகு. சோலை மரங்கள் மெதுவாக வளரும். சீகையை 8 முதல் 10 வருஷத்தில் வெட்டிவிடலாம்.

சுதந்திரத்துக்குப் பிறகு வேறொரு தேவை சேர்ந்தது: தோல். கருஞ்சீகையின் காய்ந்த பட்டையில் 30 முதல் 40 சதவீதம் வரை டானின் இருக்கும். பச்சைத் தோல் அழுகாமல் பதப்பட இந்தச் சத்து வேண்டும். நம்ம ஊர் தோல் தொழிலில் முன்பு ஆவாரம் பட்டைதான். பிறகு ஆப்பிரிக்காவிலிருந்து வாட்டில் சாறு இறக்குமதியானது. ‘இங்கேயே வளர்த்துக்கொள்வோம்’ என்று மலை உச்சிப் புல்வெளிகளில் சீகையை நட்டது வனத்துறை. பின்னாளில் குரோமியப் பதனிடுதல் வந்து பட்டையின் மவுசு குறைந்தது. மரம் மட்டும் பரவிக்கொண்டே போனது.

அன்று திட்டமிட்டவர்களின் கணக்கு ஒரு இடத்தில் தப்பு. புல்வெளியை ‘சும்மா கிடக்கிற நிலம்’ என்று நினைத்துவிட்டார்கள். அது வரையாட்டின் வீடு. தோடர்களின் எருமைகள் மேயும் இடம். மழைநீரை வாங்கி மெல்ல ஓடைக்கு விடுகிற பஞ்சு. பழனி மலையில் 40 ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு புல்வெளி போய்விட்டதாக 2018-ல் வெளியான செயற்கைக்கோள் ஆய்வு சொல்கிறது. தோட்ட மரங்களும் விவசாயமுமே காரணம்.

சரி, வெட்டிட்டா முடிஞ்சுதா? இல்லை. நர்சரியில் சீகை விதையைக் கொதிநீரில் போட்டு எடுத்த பிறகுதான் விதைப்பார்கள். தோல் அவ்வளவு கெட்டி. சூடு பட்டால்தான் முளைக்கும். அதே விதை காட்டு மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு காத்திருக்கும். மரத்தை வெட்டி, வெயில் மண்ணில் விழுந்தாலோ, ஒரு தீ பரவினாலோ, மொத்தமாகக் கிளம்பிவிடும். இன்னொரு வகையான வெள்ளிச் சீகை வேரிலிருந்தே துளிர்க்கும். ஒரு மரம் நின்ற இடத்தில் அடுத்த வருஷம் ஒரு கூட்டமே நிற்கும்.

சென்னை உயர் நீதிமன்றம் அந்நியத் தாவரங்களை அகற்றப் பலமுறை வலியுறுத்தியிருக்கிறது. 2022-ல் தமிழ்நாடு அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது. நல்ல தொடக்கம். ஆனால், வெட்டிய மரத்துக்குக் காகித ஆலையில் விலை உண்டு. அதன் பிறகு முளைக்கிற கன்றைப் பிடுங்குவதற்கு விலை தர யாரும் இல்லை. செலவு அங்கேதான். எத்தனை ஹெக்டேர் வெட்டினோம் என்பதைவிட, வெட்டிய இடத்துக்கு எத்தனை வருஷம் திரும்பிப் போனோம் என்பதைத்தான் வனத்துறையிடம் கேட்க வேண்டும். தென்னாப்பிரிக்கா 1995 முதல் நீராதாரங்களைக் காக்க இதே வகை மரங்களை அகற்றிவருகிறது, இன்னும் முடிந்தபாடில்லை.

எல்லா இடத்திலும் ஒரே கோடாரியும் கூடாது. சோலையை ஒட்டிய பழைய சீகைத் தோப்புகளில், அந்த நிழலிலேயே சோலைக் கன்றுகள் வளர்ந்துவருகின்றன. அங்கே மொட்டையடித்தால் அவையும் போகும். மெல்லக் கலைத்தால் போதும். அவசரம் எல்லாம், சீகை இப்போதுதான் எட்டிப் பார்க்கிற புல்வெளி ஓரங்களில். அங்கே கன்றைக் கையாலேயே பிடுங்கிவிடலாம். மலை மக்களுக்கு விறகும் கூலியும் கிடைக்கிற வேலை அது. புல் திரும்பும்வரை, ‘பசுமையாக்குகிறோம்’ என்று வேறு மரக்கன்றோடு யாரும் அங்கே வராமல் இருந்தால் சரி.