விடுகதை வீண்கதையா?

உடலெல்லாம் கண், ஒன்றிலும் பார்வையில்லை. அஃது என்ன?

மயிலைக் குளக்கரையிலே புராணப் பிரசங்கம் கேட்டுத் திரும்பும் பெரியவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். ஆயிரங்கண் படைத்த இந்திரனை எண்ணுவார். பார்வையில்லை என்றதும் திகைப்பார். அடையாற்றை அடுத்த ஊரூர்க் குப்பத்துச் சிறுவனிடம் கேளுங்கள். 'வலை' என்பான், நொடியிலே! வலையின் ஒவ்வொரு துளைக்கும் கண் என்றுதானே பெயர்? தந்தை கிழிசலைச் செப்பனிடும்போது அருகிருந்து பார்த்தவனுக்கு அகராதி எதற்கு?

இந்த அறிவைத்தான் 'பாமரர் பொழுதுபோக்கு' என்று ஒதுக்குகிறார்கள், பண்டிதப் பெருமை பேசுவோர். காளமேகம் பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவில் பொருத்திக் காட்டினால், 'ஆகா, சிலேடை!' என்று தலையாட்டுகிறது சபை. நாற்று நடும் பெண் ஒரு சொல்லுக்குள் இரு பொருளை ஒளித்துவைத்தாலோ, 'விடுகதைதானே!' என்று உதட்டைப் பிதுக்குகிறது. இரண்டையும் பிரித்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் நுட்பம் ஒன்றேதான்! சபையிலே சொன்னால் புலமை, வயல்வரப்பிலே சொன்னால் பிதற்றலா?

தொல்காப்பியர் அப்படிக் கருதவில்லை. செய்யுளியலிலே பாட்டு, உரை, நூல் என்று தொடங்கும் வரிசையிலேயே பிசியையும் வைத்தார். பிசி என்பது நாம் விடுகதை என்கிறோமே, அதுதான். உவமையால் மறைப்பது ஒருவகை, தோன்றுவதைச் சொல்லி உள்ளிருப்பதைத் துணிய வைப்பது மற்றொரு வகை என்று இலக்கணமும் வகுத்தார்.

சொல் நுட்பம் பிறப்போடு வருவது என்பாருக்கு 1907ஆம் ஆண்டை நினைவூட்டுவோம். இடலாக்குடியில் பிறந்த இசுலாமியத் தமிழர் செய்குத்தம்பிப் பாவலர், சென்னை விக்டோரியா மண்டபத்திலே, மேன்மேலும் வந்து விழுந்த வினாக்களுக்கு ஈடுகொடுத்துச் சதாவதானம் நிகழ்த்திக் காட்டிய ஆண்டு அது.

சொல் விளையாட்டிலே காசு புகுந்த கதையும் உண்டு. குறுக்கெழுத்துப் போட்டி என்றார்கள், கட்டணம் வாங்கினார்கள், பெருந்தொகையைப் பரிசாகக் காட்டினார்கள். ஒரே கட்டத்திலே இரண்டு சொற்கள் பொருந்தும். எது 'சரி' என்பதோ நடத்துபவரின் முத்திரையிட்ட உறைக்குள்ளே! இது அறிவா, ஆரூடமா? 1955இல் பரிசுப் போட்டிகள் சட்டம் பிறந்தது. மாதம் 1000 ரூபாய்க்கு மேல் பரிசு கூடாது என்றது. திறமையை நம்பாமல் குருட்டு வாய்ப்பை நம்பும் போட்டிகளுக்கே அச்சட்டம் பொருந்தும் என்று 1957இல் உச்சநீதிமன்றம் தெளிவாக்கியது.

விடுகதையிலே உறை கிடையாது. போட்டவர் விடையைச் சொல்லியே தீரவேண்டும். அந்த விடை ஒவ்வொரு சொல்லுக்கும் பொருந்தவும் வேண்டும். பொருந்தாவிட்டால் எட்டு வயதுச் சிறுமியும் 'எப்படி?' என்று மடக்குவாள். சோதிடர் முன்னே அந்த 'எப்படி' எழுகிறதா? சாமியாடியின் வாக்குக்குப் பொருத்தம் பார்ப்பார் உண்டா?

நம்மையும் நாம் தப்பவிடக் கூடாது. தியாகராயரின் பெயர் தாங்கிய நகரிலே கூட்டம் போடுகிறோம். மூன்று மணி நேரம் முழங்குகிறோம். அடுக்குமொழிக்குக் கைதட்டல் அதிர்கிறது. (அந்த ஆசையில் நாமும் குறைந்தவரல்லர், இக்கட்டுரையே சாட்சி.) கேட்டவர் ஒரு வினாவாவது எழுப்பினாரா? ஒரு முடிச்சையாவது தாமே அவிழ்த்தாரா? இல்லையெனில், கைதட்டிவிட்டு வீடு திரும்பும் நம் தோழருக்கும், பிரசங்கம் கேட்டுத் திரும்பும் அந்தப் பெரியவருக்கும் என்ன வேற்றுமை? ஒருவர் புராணத்தைச் செவிவழி நம்பினார்; மற்றவர் பகுத்தறிவைச் செவிவழி நம்பினார்!

ஆகவே, தோழர்களே, அடுத்த கூட்டத்திலே பேச்சாளர் ஒருவரைக் குறையுங்கள். அந்த அரைமணியைக் கூட்டத்தாரிடம் கொடுங்கள். குப்பத்துத் தாய்மார் போடட்டும். தையற்கடைத் தோழர் போடட்டும். பள்ளிப் பிள்ளைகள் போடட்டும். மேடையிலிருப்போர் விழிக்கட்டும்! தலைவர் தோற்றார் என்று பிள்ளைகள் சிரித்தால், சிரித்துவிட்டுப் போகட்டுமே.

தொடங்கிவைக்க நாமே ஒன்று தருகிறோம். இரண்டே எழுத்து. முதலெழுத்து, 'செத்துப் போ' என்று அதற்கே ஆணையிடுகிறது. எத்தனையோ நூற்றாண்டாகியும் அது சாகவில்லை. அஃது என்ன?

கண்டுகொண்டவர், பக்கத்திலிருப்பவருக்கு இப்போதே சொல்லிவிட வேண்டாம்.