தீட்டும் கிருமியும்

தாம்பரம், முடிச்சூர் பக்கத்து மக்களுக்கு மருந்துக்கு அடங்காத கிருமி என்பது புதிய சங்கதியல்ல. 1928-ல் டாக்டர் சவுரி முத்து தாம்பரத்தில் நிறுவிய காசநோய் ஆஸ்பத்திரி இன்றும் சர்க்கார் ஆஸ்பத்திரியாக நடந்து வருகிறது. மருந்தைப் பாதியில் நிறுத்தினால் காசக் கிருமி பிறகு அம்மருந்துக்கு மசியாது என்பதை அங்கே போய் வந்த குடும்பங்கள் அறியும். காசமாவது இருமலில் தெரியும். நாம் இன்று எழுத எடுத்துக்கொண்ட கிருமிகளோ மனிதனுடைய குடலில் சத்தமின்றிக் குடியிருப்பவை.

ஈ. கோலி, கிளெப்சியெல்லா என்பவை அத்தகையன. குடலோடு இருக்கும்வரை பெரும்பாலும் தொல்லையில்லை. ஆனால் ஆபரேஷன் செய்துகொண்டவர், மூத்திரக் குழாய் வைக்கப்பட்டவர், குறைமாதத்தில் பிறந்த குழந்தை ஆகியோருடைய இரத்தத்தில் புகுந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. கொடுக்கிற மருந்து எதற்கும் அக்கிருமி அசையாமற்போனால், “தலையெழுத்து” என்று உறவினர் அழுகிறார்கள். எழுதியவன் யார் என்று கேட்டால் நம்மை நாஸ்திகர் என்பார்கள். போகட்டும், அந்தக் கிருமி எந்தப் படுக்கையிலிருந்து எந்தப் படுக்கைக்கு, யார் கை வழியாக வந்தது என்றாவது கேட்கலாமல்லவா?

கேட்டால் விடை கிடைக்கும். நோயாளி சேரும்போதே மலவாயில் பஞ்சுக் குச்சியால் தொட்டெடுத்து, அதிலுள்ள கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்குச் சாகிறது, எதற்குச் சாகவில்லை என்று பார்க்கலாம். இரண்டு நோயாளிகளிடம் அகப்பட்டவற்றின் மரபணுவை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால், ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவியதா, வெவ்வேறு வழியில் வந்ததா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். இது ஜாதகம் பார்ப்பதல்ல. எவரும் திரும்பச் செய்து சரிபார்க்கக்கூடியது.

2008-ல், புது டில்லி ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு சுவீடன் திரும்பிய இந்திய வம்சத்தார் ஒருவரிடம், கடைசி ஆயுதமாக வைத்திருந்த கார்பபெனம் மருந்துகளையே அழிக்கும் கிளெப்சியெல்லா அகப்பட்டது. அவருடைய மலத்திலிருந்த ஈ. கோலியிலும் அதே மரபணு இருந்தது. ஒரு ஜாதிக் கிருமி இன்னொரு ஜாதிக் கிருமிக்குத் தன் ஆயுதத்தைக் கொடுத்திருக்க வேண்டுமென்று ஆராய்ச்சியாளர் கண்டனர். ஜாதி விட்டு ஜாதி தண்ணீர் கொடுக்கக் கூசுகிற நாட்டில் கிருமிகள் நம்மை முந்திவிட்டன!

அந்த ஆயுதத்துக்கு டில்லியின் பெயரைச் சேர்த்து என்.டி.எம்.-1 என்று பெயரிட்டார்கள். 2010-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமியும் பிற ஆராய்ச்சியாளரும் வெளியிட்ட கணக்கில், இத்தகைய கிருமி மாதிரிகள் சென்னையில் 44, அரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியா, பாகிஸ்தானின் மற்ற இடங்களில் 73.

நம்மவர் உடனே கிளப்பிய கூச்சல் எதைப் பற்றி? டில்லியின் பெயரை ஏன் வைத்தாய் என்பதைப் பற்றி! வெளிநாட்டு நோயாளிகள் இங்கே வருவதைக் கெடுக்கும் சதி என்றும் பேசினார்கள். ஊர்ப் பெயரை வைத்தது சரியல்லதான். ஆனால் பெயரை மாற்றினால் கிருமி செத்துவிடுமா? 2011-ல் வெளியான சோதனையில், டில்லித் தெருக்களில் தேங்கிய நீரின் 171 மாதிரிகளில் 51-லும், குடிநீரின் 50 மாதிரிகளில் 2-லும் அதே மரபணு காணப்பட்டது. 2015 வெள்ளத்தில் சாக்கடையும் கிணறும் ஒன்றாய்க் கிடந்ததைக் கண்ட முடிச்சூர்வாசிகளுக்கு இதன் பொருளை நாம் விளக்க வேண்டியதில்லை.

இனி, குடலில் இக்கிருமி இருப்பதாகத் தெரிந்த நோயாளியைத் தனியே வைப்பது தீட்டு ஆகாதா என்று சிலர் கேட்கக்கூடும். ஆகாது. தீட்டு பிறப்பைப் பார்க்கிறது. சோதனை குச்சியைப் பார்க்கிறது. தீட்டுக்காரன் சாகும்வரை தீட்டுக்காரன். கிருமியுள்ளவரோ சில மாதங்களில் அது நீங்கி மற்றவரைப் போல் ஆகிவிடலாம். தீட்டுக்குப் பஞ்சகவ்யம் போதும். கிருமிக்குச் சோப்பும் தண்ணீரும் வேண்டும். அதோடு, இதில் முதலில் சந்தேகிக்க வேண்டியது நோயாளியையல்ல, படுக்கைக்குப் படுக்கை போகிற கைகளை. 1847-லேயே வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற டாக்டர், பிரசவ வார்டில் தாய்மார் சாவதற்கு டாக்டர்களுடைய கையே காரணமென்று கண்டு, குளோரின் கரைசலில் கை கழுவச் செய்து சாவைக் குறைத்தார். பெரிய டாக்டர்களுக்குக் கோபம் வந்தது. மேன்மக்களின் கையில் அழுக்கிருக்கும் என்று எந்த நாட்டு மேன்மக்கள்தான் ஒப்புக்கொள்வார்கள்? ஆனால் கையுறையில்லாமல் மலச்சட்டியை எடுக்க மட்டும் ஒரே ஜாதியாரை அனுப்பிவிட்டு, வார்டு சுத்தமாயிற்று என்று நினைத்துக்கொள்கிறார்கள்!

மருத்துவச் சங்கங்கள் 2012-ல் சென்னையில் கூடி இதற்கொரு திட்டம் வகுத்ததும், 2014 முதல் சில மருந்துகளுக்குக் கடைக்காரர் பதிவேடு வைக்க வேண்டுமென்று சட்டம் வந்ததும், கோழி கொழுக்கக் கொடுத்துவந்த கொலிஸ்டினை 2019-ல் தடுத்ததும் நல்ல காரியங்களே. ஆயினும் சளிக்கும் காய்ச்சலுக்கும் சீட்டில்லாமல் இரண்டு மாத்திரை வாங்கித் தின்னும் வழக்கம் ஒழியவில்லை. வாங்குகிற நாமும் விற்கிறவரும் இதில் கூட்டாளிகள்.

நாம் கேட்பது பெரிய காரியமல்ல. தீவிர சிகிச்சை வார்டில் சேர்கிற ஒவ்வொருவருக்கும், ஏழை பணக்காரர் என்று பாராமல், காசு வாங்காமல் இந்தச் சோதனை நடக்க வேண்டும். எத்தனை பேருக்கு இக்கிருமி சேரும்போதே இருந்தது, எத்தனை பேருக்குச் சேர்ந்த பிறகு வந்தது என்ற கணக்கை, சர்க்கார் ஆஸ்பத்திரியானாலும் தனியார் ஆஸ்பத்திரியானாலும், மாதந்தோறும் வாசலில் எழுதி ஒட்ட வேண்டும். துப்புரவுத் தொழிலாளிக்குக் கையுறையும் டாக்டருக்குச் சமமான தடுப்பு வசதியும் வேண்டும். அதுவரையில் தோழர்கள், வார்டில் உறவினரைத் தொட வருகிற எவரையும், டாக்டரேயானாலும், “ஐயா, கை கழுவிவிட்டீர்களா?” என்று மரியாதையாகக் கேட்கப் பழக வேண்டுகிறோம்.