'கருணை கூர்ந்து' என எழுதாதீர்!

"பெருமதிப்பிற்குரிய முதல்வர் அவர்கள் சமுகத்திற்கு... கண்பார்வை குன்றிய என் மகன்மீது கருணை கூர்ந்து, தேர்வில் ஏதேனும் சலுகை வழங்கியருள வேண்டுமாய்த் தாழ்மையுடன் வேண்டிக்கொள்கிறேன்."

என் மச்சான், அதாவது லாத்தாவின் கணவர், தம் மகன் பயிலும் கல்லூரிக்கு எழுதிய விண்ணப்பம் இது. எழுதியவர் எழுத்தறியாதவர் அல்லர். முப்பது ஆண்டுகளாக வணிகம் நடத்தி, வரி அதிகாரிகளோடு வாதாடிப் பழகியவர். கடைக்கு வரவேண்டிய பாக்கியைக் கேட்டெழுதும்போது ஒருநாளேனும் அவர் 'கருணை கூர்ந்து' என்று எழுதியதுண்டா? பெற்ற பிள்ளைக்குச் சேர வேண்டியதைக் கேட்கும்போது மட்டும் அவர் பேனா ஏன் கைகட்டி நின்றது?

யாசகமாகக் கேட்டதற்கு யாசகமாகவே விடை கிடைத்தது. "பையனை முன்வரிசையில் உட்காரச் சொல்லுங்கள், பார்க்கலாம்" என்றார் துறைத்தலைவர். பருவத் தேர்வு வந்தது. பொடி எழுத்தில் அச்சிட்ட வினாத்தாளைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்திருக்கிறான் பிள்ளை. மணி அடித்தபோது, விடை தெரிந்த வினாக்கள் எழுதப்படாமலே கிடந்தன. இரண்டு பாடங்களில் தோல்வி. "படிப்பு இவனுக்கு ஒத்துவராது, கடையில் உட்காரட்டும்" என்று வீட்டில் பேச்சு எழுந்தது. அறிவிலா தோற்றான் அவன்? அச்செழுத்தின் அளவிலன்றோ தோற்றான்!

சட்டம் யாது சொல்கிறது? மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016ஆம் ஆண்டில் இயற்றப்பெற்று, 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அரசின் நிதி பெறும் கல்வி நிறுவனம் மட்டுமன்று, அரசின் அங்கீகாரம் பெற்ற நிறுவனமும் ஒவ்வொரு மாணவரின் தேவைக்கேற்ப 'நியாயமான ஏற்பாடு' செய்துதர வேண்டும் என்று அதன் 16ஆம் பிரிவு கூறுகிறது. தேர்வில் மிகுதி நேரமும், சொல்வதை எழுதுவோர் உதவியும் 17ஆம் பிரிவில் பெயர் சொல்லியே குறிக்கப்பட்டுள்ளன. அத்தகைய ஏற்பாட்டை மறுப்பது பாகுபாடு என்பது அச்சட்டத்தின் விளக்கம். நிறுவனத்தின்மீது அளவுமீறிய சுமையை ஏற்றலாகாது என்ற வரம்பும் அதில் உண்டு, மறைப்பானேன்? ஆனால் ஒரு வினாத்தாளைப் பெரிய தாளில் நகலெடுத்துத் தருவது எந்தக் கல்லூரியின் கருவூலத்தை வற்றச் செய்துவிடும்?

சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்பாருக்கு ஒரு செய்தி. மத்திய சமூகநீதி அமைச்சகம் 2018 ஆகஸ்டில் வெளியிட்ட தேர்வு நெறிமுறைகளில், 'கூடுதல் நேரம்' என்ற சொல்லையே விட்டுவிட்டு 'ஈடுசெய் நேரம்' என வழங்கவேண்டும் என்று எழுதியிருந்தார்கள். உதவி எழுத்தரை வைத்து எழுதுவோர்க்கு மணிக்கு 20 நிமிடத்திற்குக் குறையாமலும், தாமே எழுதுவோர்க்கு மூன்று மணித் தேர்வில் குறைந்தது ஒரு மணியும் அந்நெறிமுறைகள் வகுத்தன. கூடுதல் என்றால் மிகையாகக் கொடுப்பது. ஈடு என்றால் இழந்ததைத் திருப்புவது. தில்லியில் கோப்பெழுதுவோருக்குப் புரிந்த இந்த வேறுபாடு நம் பெற்றோருக்குப் புரியலாகாதா?

"மற்ற மாணவர்களுக்கு இது அநீதியல்லவா?" என்று கேட்கும் பேராசிரியர்கள் இருக்கிறார்கள். அப்படிக் கேட்ட ஒருவர், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்! கண்ணாடி அணியாதார்க்கு அவர் என்ன அநீதி இழைத்தாரோ, நானறியேன்.

இன்னும் சிலர் மன உறுதியைப் போதிப்பர். அவர்கள் வாயில் முதலில் வரும் பெயர் ஹெலன் கெல்லர். 1904இல் ராட்கிளிப் கல்லூரியில் அவர் பட்டம் பெற்றது உண்மை. வகுப்பில் பேசப்பட்டதை ஆனி சல்லிவன் அவர் உள்ளங்கையில் எழுத்தெழுத்தாக உணர்த்தி வந்தார் என்பதும் உண்மையே. அதற்குமுன் 1899இல் நுழைவுத் தேர்வு எழுதியபோது, அவருக்குப் பழக்கமில்லாத பிரெயில் குறியீட்டில் கணித வினாத்தாள் வந்து அவரை அல்லற்படுத்தியது. வினாத்தாள் மாறியபோது ஹெலன் கெல்லரே தடுமாறினார் எனில், நம் பிள்ளையை மட்டும் மன உறுதியால் படிக்கச் சொல்வது என்ன நியாயம்?

அடுத்த முட்டுக்கட்டை, 40 விழுக்காடு. சான்றிதழில் அந்த எண் இல்லையேல் பேச்சே இல்லை என்று அலுவலகங்கள் கதவடைக்கும். கல்வியிலும் வேலையிலும் இட ஒதுக்கீட்டுக்கு அந்த அளவு உண்டு. அதையே எல்லாவற்றுக்கும் வாயிற்படி ஆக்கியதை உச்சநீதிமன்றம் 2021 பிப்ரவரி 11ஆம் நாள் விகாஷ் குமார் வழக்கில் ஏற்கவில்லை. எழுதும்போது கை இசிவுறும் நோயுடைய அவர், குடிமைப்பணித் தேர்வுக்கு உதவி எழுத்தர் கேட்டு மறுக்கப்பட்டவர். அவருக்கு அந்த உரிமை உண்டென்று தீர்ப்பாயிற்று. 40 விழுக்காட்டுக்குக் குறைந்தோருக்கும், எழுதுவதில் இடர் இருப்பின் உதவி கிட்டும்படி 2022இல் அமைச்சகம் தனி நெறிமுறை வெளியிட நேர்ந்தது.

வெளியாரை மட்டும் குறை சொல்லி முடித்துவிட்டால் நான் நேர்மையாளன் அல்லன். காது மந்தமான பெண்பிள்ளைக்குச் சான்றிதழ் வாங்க அஞ்சும் வீடுகள் நம்மிடையே எத்தனை! "ஊரறிந்தால் யார் சம்பந்தம் பேச வருவார்?" என்று உம்மா தடுப்பார். வாப்பா வாய்மூடி இருப்பார். அந்தப் பெண்ணோ கடைசி வரிசையில் அமர்ந்து, ஆசிரியரின் உதட்டசைவை ஊகித்தபடியே மூன்றாண்டுகளைக் கழித்துவிட்டு வருவாள். பெற்றோரே, நீங்கள் மறைப்பது குறையை அன்று. அவள் எழுதியிருக்கக்கூடிய விடைகளையே மறைக்கிறீர்கள். ஒப்பந்தம் பேசும் வீட்டாருக்கு அஞ்சிக் கல்லூரியிடம் மறைத்ததால், ஒரு பெண்ணுக்காவது நல்ல வாழ்வு அமைந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

மச்சானின் இரண்டாவது கடிதத்தை நான் உடனிருந்து எழுதினேன். தேர்வுக்கு முதல்நாள் அன்று, பருவம் தொடங்கிய வாரத்திலேயே. "என் மகனுக்குப் பார்வைக் குறைபாடு உள்ளது, சான்றிதழ் நகல் இணைத்துள்ளேன். சட்டத்தின் 16, 17ஆம் பிரிவுகளின்படி, பெரிய எழுத்தில் வினாத்தாளும் மூன்று மணித் தேர்வுக்கு ஒரு மணி ஈடுசெய் நேரமும் தேவை. எடுக்கும் முடிவை எழுத்தில் தெரிவிக்கவும்." இவ்வளவே. இரண்டு படிகள் எடுத்து, ஒன்றில் அலுவலக முத்திரையும் நாளும் பெற்றுக்கொண்டோம். மறுத்தால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் முறையிட அந்த முத்திரை வேண்டுமல்லவா?

ஒரு மணி நேரம் கிடைத்தது. பெரிய எழுத்து வினாத்தாள் நான்கு பாடங்களுக்கு வந்தது. ஐந்தாவது பாடத்திற்கு "மறந்துவிட்டோம்" என்றார்கள். அந்த மறதியைப் பற்றிய மூன்றாவது கடிதத்தை இம்முறை பிள்ளையே எழுதினான். முத்திரையிட்ட படி அவன் மேசையில் இருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை.